மூடியைக் கழற்றாமல் கணினியின் உள்ளே பார்ப்பது: எட்டு ஆண்டுக் கட்டளைவரி அனுபவம்

பழைய மடிக்கணினி ஒன்றுக்கு ரேம் கூட்ட வேண்டியிருந்தது. உள்ளே எத்தனை ஸ்லாட், எந்த வகை ரேம் என்று எதுவும் தெரியாது. திருகாணிகளைக் கழற்றி, அடிமூடியை நெம்பித் திறந்தபோது கொக்கி ஒன்று உடைந்தது. நான் தேடிய விவரம் முழுவதையும் ஒரே கட்டளையில் எடுத்திருக்கலாம் என்பது மறுநாள்தான் தெரிந்தது. அன்றிலிருந்து எட்டு ஆண்டுகளாக, கைக்கு வரும் எந்தக் கணினியையும் முதலில் டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தில்தான் விசாரிக்கிறேன். நான் பெரும்பாலும் லினக்ஸ் பயன்படுத்துவதால் அதைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

ரேமுக்கு நான் நம்பியிருப்பது டிஎம்ஐடிகோட் என்ற கட்டளை. நிர்வாகி உரிமையோடு, டி தெரிவுடன் (தெரிவு என்பது கட்டளையோடு சேர்க்கும் கூடுதல் குறி) மெமரி என்று சேர்த்துக் கொடுத்தால் ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் தனிப் பத்தி வரும்: அளவு, டிடிஆர் வகை, தயாரிப்பாளர், பாகத்தின் எண். காலி ஸ்லாட்டும் காலி என்றே பட்டியலில் நிற்கும். இதில் பலர் கவனிக்காத இரண்டு வரிகள் உண்டு. ‘ஸ்பீடு’ என்பது அந்தத் துண்டால் முடிந்த வேகம். ‘கான்ஃபிகர்டு மெமரி ஸ்பீடு’ என்பது இப்போது அது ஓடும் வேகம். நான் 3200 வேகத் துண்டு ஒன்றை வாங்கி, பழைய 2400 துண்டோடு சேர்த்துப் போட்டேன். இரண்டும் 2400 வேகத்தில் ஓடுவதை இந்த வரிதான் காட்டியது.

ஆனால் இதே கட்டளை என்னை ஒருமுறை ஏமாற்றவும் செய்தது. உச்ச அளவு 16 ஜிபி என்று சொன்ன மதர்போர்டில் 32 ஜிபி சிக்கலின்றி ஓடியது. காரணம் இதுதான்: டிஎம்ஐடிகோட் வன்பொருளை நேராகக் கேட்பதில்லை. மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரை எழுதியவர்கள் நிரப்பிவைத்த அட்டவணையை எடுத்துப் படிக்கிறது. அவர்கள் தவறாக எழுதியிருந்தால் நமக்கும் தவறுதான் வரும். சில மதர்போர்டுகளில் வரிசை எண் இருக்க வேண்டிய இடத்தில் ‘தயாரிப்பாளர் நிரப்ப வேண்டும்’ என்ற பொருளுள்ள ஆங்கில வாசகமே இருக்கும். இந்த அட்டவணையை முழுதாக நம்ப வேண்டாம் என்று கட்டளையின் கையேடே எச்சரிக்கிறது. இந்த எட்டு ஆண்டுகளில் எனக்கு மிகவும் பயன்பட்ட பாடம் இங்கேதான் கிடைத்தது. எந்தக் கட்டளையின் விடையைப் படித்தாலும், இதைச் சொல்வது பாகமா, கர்னலா (இயங்குதளத்தின் மையப் பகுதி), ஃபர்ம்வேரா என்று முதலில் பார்க்கிறேன்.

மதர்போர்டின் பிசிஐ இணைப்புகளில் உள்ள கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பட்டியலில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் நிறுவன எண், கருவி எண் என்று இரண்டு எண்கள் உண்டு. 8086 என்றால் இன்டெல், 1002 என்றால் ஏஎம்டி. இந்த எண்களைச் சொல்வது கருவி. பெயரைச் சொல்வதோ நம் வட்டில் இருக்கும் ஒரு தரவுக் கோப்பு. கோப்பு பழையதென்றால் புதிய கருவிக்குப் பெயர் வராது, எண் மட்டும் வரும். அப்டேட்பிசிஐஐடிஸ் கட்டளையை ஒருமுறை ஓட்டினால் பெயர் வந்துவிடும். பெயர் தெரியவில்லை என்பதற்காகக் கருவி பழுது என்று முடிவுகட்ட வேண்டாம். கே தெரிவைச் சேர்த்தால் எந்த டிரைவர் அந்தக் கருவியை இயக்குகிறது என்பதும் தெரியும். ஒரு வைஃபை அட்டைக்கு டிரைவர் வரியே இல்லாமல் இருந்தது. கர்னல் அந்த அட்டையைவிடப் பழையது. கர்னலைப் புதுப்பித்ததும் வேலை செய்தது.

எல்எஸ்பிசிஐ கட்டளையில் வி தெரிவை இரண்டு முறை கொடுத்து, நிர்வாகி உரிமையோடு ஓட்டிப் பாருங்கள். ‘லிங்க் கேப்’ என்று தொடங்கும் வரி கருவியின் திறனைச் சொல்லும். ‘லிங்க் ஸ்டா’ வரி இன்றைய நிலையைச் சொல்லும். என்னுடைய என்விஎம்இ வட்டு (பிசிஐஇ இணைப்பில் ஓடும் வேகமான எஸ்எஸ்டி) நான்கு தடங்களில், அதாவது தரவு செல்லும் நான்கு இணைவழிகளில் ஓட வேண்டியது, இரண்டில் ஓடிக்கொண்டிருந்தது. பிசிஐஇ மூன்றாம் தலைமுறையில் ஒரு தடத்துக்கு நொடிக்கு ஏறக்குறைய 985 எம்பி. ஆகவே கிட்டத்தட்ட பாதி வேகத்தை மாதக்கணக்கில் இழந்திருக்கிறேன். அந்த ஸ்லாட்டுக்கு இணைப்பே இரண்டு தடம்தான். பக்கத்து ஸ்லாட்டுக்கு மாற்றியதும் நான்கானது. இதையே கிராபிக்ஸ் அட்டையில் பார்ப்பவர்கள் பதற வேண்டாம். சும்மா இருக்கும்போது மின்சாரத்தைச் சேமிக்க அது தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வேலை கொடுத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

யுஎஸ்பிக்கு எல்எஸ்யுஎஸ்பி, டி தெரிவோடு. கருவிகள் கிளை கிளையாக வரும், ஒவ்வொரு வரியின் முடிவிலும் வேகம் இருக்கும். 5000எம் என்று வர வேண்டிய வெளி வட்டு 480எம் என்று வந்தால் அது யுஎஸ்பி 2 வேகத்தில் இணைந்திருக்கிறது. எனக்கு அப்படி வந்தபோது குற்றவாளி கேபிள்.

செயலியின் விவரங்களுக்கு எல்எஸ்சிபியூ போதும். கோர், த்ரெட், கேஷ் அளவு எல்லாம் தெளிவாக வரும். மெய்நிகர் கணினிக்குள் ஓட்டினால் மட்டும், கீழே இருக்கும் மென்பொருள் காட்ட விரும்புவதுதான் தெரியும் என்பதை நினைவில் வையுங்கள்.

பழைய வட்டு வாங்குகிறவர்கள் வட்டின் உடல்நலத்தைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையைக் கற்காமல் பணம் கொடுக்கக் கூடாது. ஏ தெரிவு கொடுத்தால் வட்டு எத்தனை மணி நேரம் ஓடியது என்பதில் தொடங்கி எல்லாம் வரும். வன்தட்டில் நான் முதலில் பார்ப்பது அந்தப் பட்டியலின் 5ஆம் எண்ணும் 197ஆம் எண்ணும். முதலாவது மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள் (வட்டின் சிறு சேமிப்புப் பகுதிகள்), இரண்டாவது படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. இவை வாரத்துக்கு வாரம் ஏறினால் உடனே நகல் எடுத்துவிடுவேன். 199 ஏறினால் கதை வேறு. பெரும்பாலும் வட்டு நலமாகவே இருக்கும், வட்டை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளைப் பார்க்க வேண்டும். என்விஎம்இ வட்டில் தேய்மான சதவீதமே நேராக வரும். அந்த எண் நூறைத் தாண்டவும் கூடும், தாண்டியவுடன் வட்டு நின்றுவிடாது.

எல்லாவற்றையும் ஒரே திரையில் தரும் இன்க்ஸி, எல்எஸ்எச்டபிள்யூ போன்றவையும் இருக்கின்றன. பிறரிடம் உதவி கேட்கும்போது இன்க்ஸியை இசட் தெரிவோடு ஓட்டி அனுப்புகிறேன், அது வரிசை எண்களையும் முகவரிகளையும் மறைத்துத் தருகிறது. நோயைக் கண்டுபிடிக்க எனக்குத் தனித்தனிக் கட்டளைகளே பிடிக்கும். யார் சொன்ன தகவல் என்பது அவற்றில் கலங்காமல் இருக்கும்.

விண்டோஸில் பழைய வழிகாட்டிகள் சொல்லும் டபிள்யூஎம்ஐசி கட்டளை, விண்டோஸ் 10இன் 21எச்1 பதிப்பிலிருந்தே கைவிடப்படும் பட்டியலில் இருக்கிறது. பவர்ஷெல்லின் கெட்-சிம்இன்ஸ்டன்ஸ் கட்டளைக்குப் பழகிக்கொள்வது நல்லது. அதில் ரேம் வகை எண்ணாக வரும்: 24 என்றால் டிடிஆர்3, 26 டிடிஆர்4, 34 டிடிஆர்5. மேக்கில் சிஸ்டம் புரொஃபைலர் கட்டளையே போதுமானது.

புதுக் கணினி வந்த அன்றே இந்தக் கட்டளைகளின் விடைகளைத் தேதியிட்ட ஒரு கோப்பில் சேர்த்துவைக்கிறேன். இப்போதைய மடிக்கணினியின் பேட்டரிக்கு, சிஸ் அடைவுக்குள் பவர் சப்ளை என்ற இடத்தில் முழுக் கொள்ளளவும் வடிவமைப்புக் கொள்ளளவும் தனித்தனிக் கோப்புகளாக இருக்கின்றன. வடிவமைப்பு 50 வாட்-மணி. மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் குறித்துவைத்தது 49. இன்று காட்டுவது 38. அதே அடைவிலிருந்து பேட்டரியின் மாடல் எண்ணையும் எடுத்து எழுதிக்கொண்டேன். புது பேட்டரி கைக்கு வரும்வரை இந்த மூடியில் கைவைக்க வேண்டிய தேவை இல்லை.