குழந்தையின் காது டெஸ்ட் சீட்டில் தேதியைப் பாருங்கள்

மண்டபம், உச்சிப்புளி, தங்கச்சிமடம் பக்கமிருந்து பிரசவத்துக்கு ராமநாதபுரம் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் என் தங்கைக்கு நடந்தது. புகார் கொடுத்திருப்பதால் பெயர் போடவில்லை.

தலைப்பிரசவம். குழந்தை எடை குறைவு, மஞ்சள் காமாலையும் ஏறிவிட்டது. ஒரு வாரத்துக்கு மேல் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள். டிஸ்சார்ஜ் பில்லில் காது டெஸ்டுக்கு 800 ரூபாய். கூடவே ஒரு சின்னச் சீட்டு, இரண்டு காதுக்கும் ‘பாஸ்’.

குழந்தை ஆளைக் கண்டால் சிரிக்கும், காலை உதைக்கும். ஆனால் திருவிழாவுக்கு வேட்டுப் போட்டபோது தெருக் குழந்தைகள் எல்லாம் வீறிட, இது பாட்டுக்குத் தூங்கியது. அம்மா பின்னால் நின்று தட்டைத் தட்டிப் பார்த்தார், திரும்பியது. அதில் சமாதானமாகி இன்னும் கொஞ்ச காலம் போனது. தட்டுகிற கையின் அசைவும் தரையின் அதிர்வுமே குழந்தையைத் திருப்பிவிடும், அது காது கேட்பதற்குச் சாட்சி இல்லை என்று பிறகு கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட் சொன்னார். சொந்தக்காரர்களோ, “இவன் மாமனே மூணு வயசுலதான் பேசுனான்” என்று என்னை உதாரணம் காட்டினார்கள்.

தடுப்பூசி போடும் கிராம சுகாதார செவிலியர்தான் விடாமல் அரசு ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே டெஸ்டில் இரண்டு காதும் தேறவில்லை. மதுரையில் பெரா எடுத்தோம், காது நரம்பு வழியாக ஒலி போகிறதா என்று பார்க்கிற டெஸ்ட் அது. இரண்டு காதிலும் கடுமையான கேட்கும் திறன் குறைபாடு. ஒரு மாதத்துக்குள் டெஸ்ட், மூன்று மாதத்துக்குள் உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பதுதான் மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. எங்களுக்கு அந்தக் கணக்கு கடந்துபோன பிறகே காதுக்கருவி கிடைத்தது. கருவி போதவில்லை என்றால் உள்காதில் மின்கருவி பொருத்தும் காக்ளியர் அறுவை சிகிச்சை. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அது முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் உண்டு.

அப்புறம்தான் பழைய ஃபைலைப் பிரித்தோம். சீட்டில் அச்சாகியிருந்த தேதி, குழந்தை பிறப்பதற்கு முந்தைய மாதத்துத் தேதி! சீட்டே ஜெராக்ஸ்தான். மூலையில் ஸ்டேப்ளர் முள்ளின் நிழல்கூட விழுந்திருக்கிறது. தங்கையின் பெயரை மட்டும் மேலே பேனாவால் எழுதியிருந்தார்கள்.

“அண்ணே, காதுல எதையுமே வைக்கல. ஒரு பொண்ணு வந்து சாவிக்கொத்தை ஆட்டிட்டுப் போச்சு, அவ்வளவுதான்” என்றாள் தங்கை.

நேரில் போய்க் கேட்டோம். “மெஷின்ல தேதி தப்பா செட் ஆகியிருக்கும் சார்.” சரி, மெஷினைக் காட்டுங்கள் என்றேன். சர்வீசுக்குப் போயிருக்கிறதாம். கிளம்பும்போது 800 ரூபாயைக் கவரில் போட்டு நீட்டினார்கள். வாங்கவில்லை.

உண்மையான டெஸ்ட் எப்படி இருக்கும் என்பதை அரசு ஆஸ்பத்திரியில்தான் பார்த்தேன். குழந்தை தூங்கும்போது மெத்தென்ற ரப்பர் முனையை ஒவ்வொரு காதிலும் வைக்கிறார்கள். மெஷின் மெல்லிய ஒலி அனுப்பி, உள்காது திருப்பி அனுப்பும் ஒலியை அளக்கிறது. குழந்தை அடங்கித் தூங்கினால் சில நிமிட வேலை. இதற்கு ஓஏஇ என்று பெயர். பாஸ் ஆகாமல் ‘ரெஃபர்’ என்று வந்தால் பதற வேண்டாம், பிரசவ நீர் காதில் தங்கியிருந்தாலும் அப்படி வரும், திரும்ப எடுப்பார்கள். ஆனால் ஐந்து நாளுக்கு மேல் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைக்கு ஓஏஇ மட்டும் போதாது. உள்காது சரியாக இருந்து நரம்பில் கோளாறு என்றால் அதில் பாஸ் ஆகிவிடும். நெற்றியிலும் காதுப் பக்கத்திலும் வயர் ஒட்டி எடுக்கும் பெராவைக் கேட்டு வாங்குங்கள். சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள் குழந்தை விஷயத்தில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நம் பக்கம் அது எத்தனை வீட்டில் என்று சொல்ல வேண்டியதில்லை. டெஸ்ட் நடக்கும்போது வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும்.

இதே மாதிரி சீட்டு உங்களிடமும் இருந்தால் மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநருக்கு எழுதலாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். எதற்கும் முதலில் கேஸ் ஷீட் நகலை எழுத்துமூலம் கேளுங்கள், 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. எங்களுக்கும் இழுத்தடித்துத் தந்தார்கள். அதில் காது டெஸ்ட் பற்றி ஒரு வரிகூட இல்லை.