86,400 ரூபாய் போச்சு: வாழ்த்து அட்டை அச்சடிக்கக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்க

கோபத்தில்தான் எழுதுகிறேன், முன்பே சொல்லிவிடுகிறேன். மாட்டுப் பொங்கல் முடிந்து நாலு நாள்தான் ஆகிறது. என் கட்டிலுக்கு அடியில் மூன்று அட்டைப்பெட்டி கிடக்கிறது. உள்ளே 6,000 பொங்கல் வாழ்த்து அட்டை. ஒன்றுகூட விற்கவில்லை, இனி விற்கவும் முடியாது. போனது 86,400 ரூபாய். லாரி வாடகை தனி. யாரிடம் எப்படி ஏமாந்தேன், அச்சுக்குக் கொடுக்கும்போது என்னென்ன பார்க்கணும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். அந்த ஆப் பெயரும் அச்சகத்தின் பெயரும் இப்போது போட வேண்டாம் என்று தெரிந்த வக்கீல் ஒருவர் சொல்லியிருக்கிறார். மொத்த வியாபாரிகளையும் வாங்குகிறவர்களையும் இணைத்துவிடும் ஆப் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

காரிமங்கலத்தில் சின்னதாக டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், இதுதான் பிழைப்பு. அப்பா போர்டு எழுதுகிறவர். தொண்ணூறுகளில் மார்கழி பிறந்தால் பிரஷ்ஷை ஓரம் வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, மேலே சணல் இழுத்துக் கட்டி, பொங்கல் வாழ்த்து தொங்கவிடுவார். ரஜினிக்கு ஒரு கயிறு, கமலுக்கு ஒரு கயிறு, விஜயகாந்துக்கு ஒரு கயிறு, முருகனும் பிள்ளையாரும் தனி. ஜிகினா ஒட்டிய அட்டைக்கு எட்டணா கூட. ராத்திரி வந்து வேட்டியை உதறினால் தரையெல்லாம் மினுங்கும். எல்லார் கையிலும் செல்போன் வந்தது, கட்டில் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது.

போன வருஷம் நானே வரைந்து கடை பிரிண்டரிலேயே எடுத்து 60 அட்டை வைத்தேன். இரண்டு நாளில் காலி. வாட்ஸ்அப் படம் பார்த்துப் பார்த்து அலுத்தவர்கள் போல. அந்த 60 அட்டைதான் என் தலையில் ஏறி உட்கார்ந்தது.

இந்த வருஷம் முறையாக, ஆஃப்செட்டில், நம்ம பக்கத்துப் படமாகவே போடலாம் என்று எட்டு டிசைன் செய்தேன். எருது விடும் விழா, ஒகேனக்கல் பரிசல், கிருஷ்ணகிரி மாந்தோப்பு, அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுப்பது, களிக்கிண்டும் அடுப்படி, இப்படி. நடுகல்லும் ஒன்று வரைந்தேன். "செத்தவங்களுக்கு நட்ட கல்லைப் போய் வாழ்த்துல போடுவியா?" என்று அம்மா சத்தம் போட்டதால் எடுத்துவிட்டேன். தருமபுரி, காவேரிப்பட்டணம், ஓசூர் ஃபேன்சி ஸ்டோர்களில் பேசியதில் 2,000 அட்டைக்கு வாய் வார்த்தை கிடைத்தது. பெங்களூரில் ஒரு தமிழ் அமைப்பு 1,500 கேட்டது. அட்டை 22 ரூபாய்க்குப் போடுவதாகக் கணக்கு.

கார்த்திகை மாதம்தான் அச்சகம் தேட ஆரம்பித்தேன். முதல் தப்பு அது. அந்த நேரத்தில் சிவகாசியில் காலண்டர், டைரி வேலைதான் ஓடும், புது ஆள் போய் 6,000 அட்டை என்றால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். ஆப்பில் தேடினேன். ஐந்தே நிமிஷத்தில் போன். "சிவகாசிலிருந்து பேசறோம் மேடம்." 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் அட்டை எத்தனை கிராம் என்ற கணக்கு) ஆர்ட் போர்டு, நாலு கலர், மேட் லேமினேஷன், கோல்ட் ஃபாயில், கவரோடு சேர்த்து அட்டைக்கு 14 ரூபாய் 40 காசு. பெயருக்குப் பக்கத்தில் ஆப்காரர்கள் போட்ட பச்சை டிக் இருந்தது.

அதற்கும் நான் உடனே மடங்கவில்லை. சாம்பிள் கேட்டேன். மூன்றாம் நாள் கூரியரில் வந்தது.

இங்கேதான் விழுந்தேன். அட்டையைக் கையில் எடுத்ததும் கனம் தெரிந்தது. தங்க ஃபாயிலில் பொங்கல் பானை, விரலால் தடவினால் பானையின் விளிம்பு மேடாகத் தட்டுப்பட்டது. மடிப்பு பிளேடால் கீறினது மாதிரி நேராக. பின்பக்கம் கீழே, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு வெள்ளை ஸ்டிக்கரில் அவர்கள் அச்சகத்தின் பெயர். ஸ்டிக்கர்கூட எவ்வளவு நீட்டாக ஒட்டியிருக்கிறார்கள் என்று அம்மாவிடம் காட்டினேன். அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு அந்த அட்டையை சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். மறுநாள் அம்மாவின் இரண்டு வளையலையும் அடகுக்கடை தராசில் வைத்தேன்.

முன்பணம் 43,200. பணம் அனுப்பும்போது திரையில் வேறு ஒரு பெண் பெயர் வந்தது. கேட்டேன். "ஓனர் வீட்டுக்காரம்மா அக்கவுண்டு மேடம், கரண்ட் அக்கவுண்டுல இன்னைக்கு லிமிட் முடிஞ்சிடுச்சு." அனுப்பிவிட்டேன். மார்ஜின் சரிபார்க்க ஓபன் ஃபைலும் (எழுத்தைத் திருத்த முடிகிற மூல ஃபைல்) வேண்டும் என்றார்கள், எழுத்தையெல்லாம் கர்வ்ஸ் ஆக்கிய, அதாவது எங்கே திறந்தாலும் மாறாதபடி கோட்டு வடிவமாக்கிய பிடிஎஃப் ஏற்கெனவே கொடுத்திருந்தும் அதையும் கொடுத்தேன். டிசம்பர் 20-க்குச் சரக்கு வரும் என்றார்கள்.

20-ம் தேதி: "பிளேட் போட்டாச்சு மேடம்." அச்சடிக்கும் தகட்டைத்தான் பிளேட் என்பார்கள். 24-ம் தேதி: "லேமினேஷன்ல இருக்கு." 29-ம் தேதி ஒரு பையன் எடுத்து, "ஓனர் மாலை போட்டிருக்கார், இன்னைக்கு இருமுடி கட்டறாங்க, மலைக்குப் போய்ட்டு வந்து பேசுவார்" என்றான். சாமியே சரணம் என்று நானும் வைத்துவிட்டேன், என்னத்தைச் சொல்ல. புத்தாண்டு வியாபாரம் போயிற்று. ஜனவரி 5-ம் தேதி, மீதி 43,200 அனுப்பினால்தான் லாரியில் ஏற்றுவோம் என்றார்கள். சரக்கின் போட்டோ ஒன்று வந்தது, கட்டி வைத்த பண்டல், அட்டை தெரியவில்லை. ஃபேன்சி ஸ்டோர்காரர்கள் தினமும் போன் போட்டுக்கொண்டிருந்தார்கள். அனுப்பினேன். ஆக 86,400.

போகிக்கு முந்தின நாள் சாயங்காலம் பார்சல் ஆபீஸிலிருந்து போன். டு-பே போட்டிருக்கிறார்கள், வாடகை 1,150 கட்டித்தான் எடுத்தேன். ரசீதில் புக்கிங் ஆன ஊர் சிவகாசி இல்லை, அந்தப் பக்கமே இல்லை. சிவகாசிக்காரர்களைக் குறை சொல்லி யாரும் கமென்ட் போடாதீங்க. அப்பா வருஷக்கணக்காக அங்கேதான் சரக்கு எடுத்தார், ஒரு அட்டை கிழிந்திருந்தாலும் மாற்றிக் கொடுத்தவர்கள்.

பெட்டியைப் பிரித்தேன். முதல் கட்டு எருது. வெள்ளை எருது ரோஸ் கலரில் நிற்கிறது, கலர் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்காராததால் நாலு கொம்பு. அதைக்கூட விடுங்கள். "பொங்கல்" என்ற வார்த்தையைப் பார்த்தேன். முதலில் வெறும் ப, அதற்குப் பின்னால் கொம்பு, நடுவில் ஒரு புள்ளி வட்டம், அப்புறம் கால். தமிழ் யூனிகோடை சரியாகக் காட்டத் தெரியாத பழைய சாஃப்ட்வேரில் ஓபன் ஃபைலைத் திறந்து, படித்தும் பார்க்காமல் பிளேட் போட்டிருக்கிறார்கள். எட்டில் ஆறு டிசைன் இப்படி. மீதி இரண்டில் யாரோ புதிதாக டைப் செய்திருக்கிறார்கள். "வாழ்த்துகள்" என்று க் போடாமல் நான் எழுதியிருந்ததை "வாழ்த்துக்கள்" என்று திருத்தியிருக்கிறார்கள்! எது சரி என்று தமிழாசிரியர்கள் அடித்துக்கொள்ளட்டும், என் அட்டையில் கை வைக்க நீ யார்?

ஃபாயில் இல்லை. லேமினேஷன் இல்லை. மடிப்புக்கு கிரீசிங் போடாததால், அதாவது மடிக்கும் கோட்டை முதலில் அழுத்தி விடாததால், மடித்த இடத்தில் மை வெடித்து வெள்ளைக்கோடு. கவர் அட்டையைவிட ஒரு நூல் சின்னது, திணித்தால் ஓரம் கிழிகிறது. மறுநாள் காலை தெருப் பிள்ளைகள் போகிக்கு அட்டைப்பெட்டி இருக்கா அக்கா என்று வந்து நின்றார்கள்.

அட்டை வேறு தொளதொளவென்று இருந்தது. பத்து சென்டிமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் சதுரமாக ஒரு துண்டு வெட்டி அதே அடகுக்கடைக்குக் கொண்டுபோனேன். 300 ஜிஎஸ்எம் என்றால் அந்தத் துண்டு சரியாக 3 கிராம் இருக்கணும். தராசு 1.7 காட்டியது. அதாவது 170 ஜிஎஸ்எம், நோட்டீஸ் காகிதத்துக்குக் கொஞ்சம் மேலே. வளையலை வைத்த அதே தட்டு.

போன் போட்டேன். "நீங்க அனுப்பின ஃபைல்தான் மேடம் தப்பு." பிடிஎஃப்பைத் திறந்து பாருங்க என்றேன். "டிசைனர் லீவு." மறுநாள், "அடுத்த ஆர்டர்ல 10 பர்சென்ட் குறைச்சுக்கலாம்." அடுத்த ஆர்டராம்! அதற்கு அடுத்த நாள் மெசேஜுக்கு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. சாயங்காலம் புரொஃபைல் போட்டோ காணாமல் போனது. ஆப்பின் கஸ்டமர் கேரில் ஒரு பெண், பாவம் எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறாள், "வாங்குபவர் விற்பவர் இடையிலான பரிவர்த்தனைக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்றாள். அப்ப அந்தப் பச்சை டிக்? "அது அவர்கள் சந்தா கட்டியதற்கான அடையாளம் மேடம்." சந்தா! ராத்திரி மெசேஜ் வந்தது, உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று.

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் அந்த சாம்பிளை எடுத்தேன். பின்பக்க ஸ்டிக்கரை ஈரத்துணியால் தேய்த்து உரித்தேன். அடியில் வேறொரு கம்பெனியின் முத்திரையும் விலையும் அச்சில் இருக்கிறது. 35 ரூபாய். ஏதோ கடையில் ஒரு அட்டையை வாங்கி, பெயரை மறைத்து எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். 35 ரூபாய் போட்டு 86,400 எடுத்திருக்கிறார்கள்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது பொறுமை இல்லை. சாம்பிளின் ஸ்டிக்கரை உரித்துப் பாருங்க. உங்க டிசைனையே ஒரு அட்டை அடித்து அனுப்பச் சொல்லுங்க, அதைப் படித்துக் கையெழுத்துப் போட்டபிறகுதான் பிளேட். ஓபன் ஃபைல் கொடுக்கவே கொடுக்காதீங்க. எஸ்டிமேட் துண்டில் இருக்கும் ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டுப் பாருங்க, ஒரு நிமிஷ வேலை. நான் இப்போதுதான் பார்த்தேன், 33-ல் ஆரம்பிக்கும் தமிழ்நாட்டு எண்தான், ஆனால் பதிவு ரத்து. தனி ஆள் பெயருக்குப் பணம் போடாதீங்க. அவ்வளவுதான்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். வியாபாரத்துக்கு வாங்கியதால் நீ நுகர்வோரே இல்லை என்று அவர்கள் தரப்பில் சொல்வார்களாம். ஆனால் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவர் வாங்கினால் அவரும் நுகர்வோர்தான் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறதாம், 5 லட்சம் வரை மனுவுக்குக் கட்டணமும் இல்லையாம், வக்கீல் சொன்னார். திங்கட்கிழமை மனு கொடுக்கத் தருமபுரிக்குப் போகிறேன். சாம்பிள் அட்டை, உரித்த ஸ்டிக்கர், 1.7 கிராம் துண்டு, பார்சல் ரசீது, எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருக்கிறேன். இதே மாதிரி சாம்பிள், தங்கப் பானை போட்டது, வேறு யாருக்காவது வந்திருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்க. சேர்ந்தே மனு கொடுக்கலாம்.