ராமேஸ்வரம் லைனில் எங்கள் ஊர் ஸ்டேஷன்: ஏறி இறங்கிய அனுபவம்

ராமநாதபுரத்துக்கும் பாம்பனுக்கும் நடுவில் உள்ள சின்ன ஸ்டேஷன் எங்களுடையது. மீட்டர் கேஜ் காலத்திலிருந்து இங்கேதான் ஏறி இறங்குகிறேன். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் "பஸ்ஸா, ரயிலா?" என்று கேட்கும்போதெல்லாம் போனில் சொல்வதை இங்கே எழுதிவிடுகிறேன்.

அட்டவணையை நம்பலாம், ஆனால் அதை மட்டும் நம்பக்கூடாது. இங்கே வண்டி நேரத்தில் பாம்பன் பாலத்துக்கும் பங்கு உண்டு. பாலத்தின் மேல் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் வண்டியை விடமாட்டார்கள். லைன் ஒற்றைத் தடம். அந்தப் பக்கம் ஒரு வண்டி மாட்டிக்கொண்டால், கிராசிங்குக்காக இந்தப் பக்கம் ஒன்று எங்காவது காத்துக் கிடக்கும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று, அதாவது மேல்காற்று, பிடித்துவிட்டால் இது சகஜம். கருவாட்டுக் கூடையோடு வரும் அக்கா ஒருவர் செயலி எதையும் பார்ப்பதில்லை. பிளாட்பாரத்துக்கு வந்ததும் பனை மட்டை ஆடுகிற ஆட்டத்தைப் பார்ப்பார். "காத்து எங்கிட்டு அடிக்குதுன்னு பாத்தீகளா தம்பி? வண்டி இப்ப வராது, உக்காருங்க" என்பார். அநேகமாக அவர் சொன்னதுதான் நடக்கும்.

2022 டிசம்பர் 23 அன்று பழைய பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள். 1914இல் திறந்த பாலம். 1964 புயலில் சிதைந்து, நாற்பத்தாறே நாளில் மறுபடி எழுந்து நின்றது. வயது ஆகத்தானே செய்யும்? அதன்பின் சில வண்டிகள் மண்டபத்தோடும் சில ராமநாதபுரத்தோடும் நின்றன. கோயிலுக்கு வந்தவர்கள் மூட்டை முடிச்சோடு பஸ் மாறிப் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வேடிக்கை என்னவென்றால், எங்களைப் போல் மதுரைப் பக்கம் போகிறவர்களுக்கு அந்த இரண்டு சொச்ச வருடம் வண்டி ஓரளவு சொன்ன நேரத்துக்கு வந்தது. நடுவில் காத்திருக்கப் பாலம் இல்லையே!

2025 ஏப்ரல் 6 அன்று புதுப் பாலம் திறந்தது. நீளம் 2.08 கிலோமீட்டர். கப்பல் போக நடுவில் உள்ள 72.5 மீட்டர் பகுதி அப்படியே 17 மீட்டர் மேலே ஏறும். பழைய பாலத்தில் ஊர்ந்த வண்டி இதில் ஓடுகிறது. ஜன்னலோரம் கடலை வீடியோ எடுக்க வருகிறவர்களுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். எனக்கு இல்லை, வேலை முடிந்து வீட்டுக்குப் போக வேண்டியவன் நான்.

டிக்கெட் விலையில் பஸ் கிட்டவே வர முடியாது. கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சரை எக்ஸ்பிரஸ் கட்டணத்தில் ஓட்டி, குறைந்தபட்சம் 30 ரூபாய் வாங்கினார்கள். 2024இல் அது பழையபடி 10 ரூபாய்க்கு இறங்கியதும் கூடைக்காரர்கள் திரும்பி வந்தார்கள். செல்போனில் டிக்கெட் எடுப்பவர்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போதே எடுத்துவிடுங்கள். பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு போட்டால் செயலி ஏற்காது.

அம்மாவை மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்கு மாதாமாதம் கூட்டிப்போவது ரயிலில்தான். சர்க்கரைக்காரருக்கு பஸ் சரிப்படாது, நினைத்த இடத்தில் நிறுத்தச் சொல்ல முடியுமா? ரயிலில் கழிவறை இருக்கிறது, காலை நீட்டலாம், மாத்திரை நேரத்துக்கு டிபன் பாக்ஸைத் திறக்கலாம். ஆனால் எங்கள் பிளாட்பாரம் தாழ்வு, பெட்டியின் படி உயரம். வயதானவர்களை ஏற்ற ஒரு ஆள் கீழே, ஒரு ஆள் மேலே வேண்டும். நிற்பது கொஞ்ச நேரம்தான். அதனால் வண்டி தெரிந்ததும் எழுந்து நிற்காமல், பெட்டி வந்து நிற்கிற இடத்தில் முன்கூட்டியே போய் உட்கார்ந்துவிடுவோம்.

ஸ்டேஷனைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வேப்பமரத்தடி நிழல்தான் காத்திருக்கும் அறை. உப்புக் காற்றில் இரும்பு பெஞ்சுகள் துருவேறிவிட்டன, வேட்டி கறையாகும், கல் பெஞ்சில் உட்காருங்கள். டீக்கடை கிடையாது. கையில் தண்ணீர் இருக்கட்டும்.

தை, ஆடி, மகாளய அமாவாசைக்கு மட்டும் இந்தப் பக்கம் ரயிலை நினைக்காதீர்கள். மதுரையிலேயே வண்டி நிறைந்துவிடும். தர்ப்பணத்துக்கு வருகிற கூட்டத்தில் எங்கள் ஊர் ஆட்கள் கதவில் தொங்கக்கூட இடம் கிடைக்காது. கூட்டம் திரும்புகிற நேரத்திலும் இதே கதைதான். அன்றைக்கு மெயின் ரோட்டுக்குப் போய் பஸ் பிடிப்பதே மேல். அவசரமாக ராமநாதபுரம் போகிறவர்களுக்கும் எந்த நாளிலும் என் பதில் பஸ்தான். சுமை உள்ளவர்கள், முதியவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், கையில் நேரமும் உள்ளவர்கள் ரயிலுக்கு வாருங்கள். ஆடி மாதம் என்றால் காற்றில் வண்டி தாமதமாகலாம், அதனால் டாக்டரிடம் வாங்கும் நேரத்தை மத்தியானத்துக்குத் தள்ளி வாங்கிக்கொள்ளுங்கள்.