கார்டிசெப்ஸ்: ஒரே பேர்ல மூணு சரக்கு, எது எதுக்கு ஒத்துவரும்?

எங்க பெரியப்பாவுக்கு கிட்னி சரியில்ல, கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற கிரியாட்டினின் ரத்தத்துல 2.8ல நிக்குது. போன தீபாவளிக்கு ஊருக்குப் போனப்ப அவர் மருந்து டப்பாக்களுக்கு நடுவுல புதுசா ஒண்ணு, மேல கார்டிசெப்ஸ்னு பெருசா எழுதி பனிமலை படம், புழு படம் எல்லாம் போட்டிருக்கு, தொறந்து பாத்தா வெளுத்த பொடி அடைச்ச கேப்ஸ்யூல். தெரிஞ்சவர் ஒருத்தர் "கிட்னிக்கு அருமருந்து, சீனாக்காரன் ஆயிரக்கணக்கான வருஷமா சாப்பிடறான்"னு சொல்லி குடுத்துட்டுப் போயிருக்கார், மாசம் 4,000 ரூபா. அன்னைலேர்ந்து இதப் பத்தி படிக்க ஆரம்பிச்சவன் தான், இன்னும் விடல. கார்டிசெப்ஸ்ங்கறது பூஞ்சை, இந்த ஒரு பேர்ல மூணு வேற வேற சரக்கு விக்குது, ஒண்ணோட பெருமைய எடுத்து இன்னொண்ணோட டப்பால ஒட்டிடறாங்க.

முதல்ல ஒரிஜினல், அந்தப் படத்துல இருக்கற புழு. ஓஃபியோகார்டிசெப்ஸ் சைனென்சிஸ். திபெத்துக்காரங்க யார்சாகுன்புன்னு சொல்றாங்க, நேபாளத்துல யார்சாகும்பா, உத்தராகண்ட்ல கீடா ஜடி. சீனப் பேருக்கு அர்த்தமே குளிர்ல புழு, கோடைல புல். 3,000 மீட்டர்லேர்ந்து 5,000 மீட்டர் வரைக்கும் உள்ள புல்வெளில மண்ணுக்கடியில வேரைத் தின்னுட்டு இருக்கற ஒரு அந்துப்பூச்சிப் புழுவ இந்தப் பூஞ்சை பிடிச்சு, உள்ளயே தின்னு தின்னு உடம்பு பூரா தானே அடைச்சுக்கிட்டு, பனி உருகற நேரத்துல தலைலேர்ந்து கரும்பழுப்பா ஒரு குச்சிய மண்ணுக்கு மேல நீட்டும், அவ்ளோதான். சீன மருத்துவ நூல்கள்ல 1694லயே எழுதியிருக்கு, திபெத்துல அதுக்கும் முன்னாடியே.

உத்தராகண்ட்ல முன்சியாரி பக்கம் ஒரு வீட்டுல தங்கினப்ப கைல வச்சுப் பாத்தேன். அந்த வீட்டம்மா பழைய டூத்பிரஷ்ஷால ஒவ்வொரு புழுவுக்கும் மண்ண தேச்சுக்கிட்டு இருந்தாங்க, விரல் நீளம் கூட இல்ல, மஞ்சப்பழுப்பு உடம்பு, வளையம் வளையமா கோடு, வயித்துக்கு நடுவுல நாலு ஜோடி கால் மட்டும் தனியா துருத்திட்டு தெரியுது, லேசா மீன் கவிச்சி. ஒடச்சா உள்ள வெளேர்னு கெட்டியா இருக்கணும், அதான் நல்ல சரக்கு. மே மாசம் ஊரே கூடாரத்தோட மேல போயிடுமாம், நெஞ்ச தரையில வச்சு ஊர்ந்து ஊர்ந்து அந்தக் குச்சிய தேடறாங்க. காஞ்ச புழு 2,000லேர்ந்து 4,000 வரைக்கும் சேந்தா தான் ஒரு கிலோ. விலை கிலோவுக்கு பல லட்சம், சீனாவுல நல்ல தரத்துக்கு எடைக்கு எடை தங்கத்த தாண்டின காலமும் உண்டு.

எனக்கு மனசு கனத்த விஷயம் இது தான்: குச்சி முத்தி வித்து தூவறதுக்குள்ள பறிச்சா தான் விலை, முத்தினா புழு உள்ள பொக்கையாயிடும். அப்ப அடுத்த வருஷத்துக்கு வித்து எங்கேர்ந்து வரும். கூடவே மலையும் சூடாகுது. உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன் 2020ல இத அழியும் ஆபத்து உள்ள பட்டியல்ல சேத்துட்டாங்க. 2009ல நேபாளத்துல மனாங் மாவட்டத்துல நார் கிராமத்துல இதுக்காக ஏழு பேர கொன்னாங்க.

சரி, மருந்தா எப்படி? 2016ல சீன அரசோட உணவு மருந்துத் துறையே எச்சரிக்கை விட்டாங்க, சோதிச்சதுல ஆர்செனிக் கிலோவுக்கு 4.4லேர்ந்து 9.9 மில்லிகிராம், ஹெல்த் ஃபுட்டுக்கு வரம்பு வெறும் 1. எடை கூட்ட புழுவுக்குள்ள ஈயக் கம்பி சொருகறவங்களும் இருக்காங்க, தைவான்ல இந்தப் பொடி சாப்பிட்டு ஈய விஷம் ஏறினது பதிவாயிருக்கு. கெட்டுப்போன கிட்னிக்கு இதத் தான் குடுக்கணுமா சொல்லுங்க.

ரெண்டாவது, கார்டிசெப்ஸ் மிலிட்டாரிஸ். 2007ல மரபணு பாத்து பேரு பிரிச்சப்ப கார்டிசெப்ஸ்ங்கற பேரு மிச்சமானது இதுக்கு தான், இமயமலைப் புழு வேற கூட்டத்துக்குப் போயிடுச்சு. இது ஆரஞ்சு கலர்ல சேமியா மாதிரி கொத்து கொத்தா வளரும். புழுவே வேண்டாம், பாட்டில்ல கைக்குத்தல் அரிசி போட்டு ஏசி ரூம்ல லைட்டு வச்சா ரெண்டு மாசத்துக்குள்ள அறுவடை. நம்ம ஊர்லயும் வளக்கறவங்க இருக்காங்க. (கிலோ லட்ச ரூபா போகும், நாங்களே திருப்பி வாங்கிக்கறோம்னு ட்ரெயினிங் ஃபீஸ் கேக்கற வீடியோவ நம்பி கடன் வாங்காதீங்க, முதல்ல வாங்கற ஆள் யாருன்னு பாருங்க.)

மருந்துக் குணம் இருக்குன்னு எல்லாரும் பெருசா பேசற கார்டிசெபின்ங்கற வேதிப்பொருள 1950கள் தொடக்கத்துல பிரிச்செடுத்தது இதுலேர்ந்து தான். 2017ல வந்த சீன ஆராய்ச்சில மிலிட்டாரிஸ்ல அத தயாரிக்கற ஜீன் கூட்டத்த கண்டுபிடிச்சாங்க, லட்சக்கணக்குல விக்கற இமயமலைப் புழுல அந்த ஜீன்களே இல்ல! அதுக்காக இத சாப்பிட்டா எல்லாம் சரியாயிடும்னு அர்த்தம் கிடையாது, கார்டிசெபின் நம்ம ரத்தத்துல போனா ஒரு என்சைம் அத நிமிஷக் கணக்குல உடைச்சிடும், கேன்சருக்கு இத வச்சு ஆராய்ச்சி பண்றவங்களே அந்த மூலக்கூற மாத்தி அமைச்சு தான் குடுத்துப் பாக்கறாங்க.

மூணாவது சிஎஸ்-4. காட்டுப் புழுலேர்ந்து பிரிச்ச ஒரு பூஞ்சைய டேங்க்ல ஊற வச்சு வளத்து காயவச்ச பொடி. அந்தப் பூஞ்சை பேசிலோமைசிஸ் ஹெபியாலி, அதாவது புழுவுக்குள்ள கூட குடியிருந்த வேற ஜாதி. சீனாவுல இத டாக்டரே எழுதிக் குடுக்கற கேப்ஸ்யூலா இருக்கு. மனுஷங்க மேல பண்ண சோதனை ஓரளவுக்கு இதுல தான் உண்டு: 50லேர்ந்து 75 வயசுக்குள்ள 20 பேருக்கு 12 வாரம் குடுத்ததுல களைப்பு வர்ற கட்டம் கொஞ்சம் தள்ளிப் போச்சுன்னு 2010ல வந்துச்சு, ஆனா பழக்கப்பட்ட சைக்கிள் வீரர்களுக்கு 5 வாரம் குடுத்தப்ப ஒண்ணும் மாறலன்னு 2004ல. கிட்னி விஷயத்துல பல சோதனைகள ஒண்ணா சேத்து அலசற காக்ரேன் அமைப்போட 2014 தொகுப்பு, கிரியாட்டினின் குறையற மாதிரி தெரியுது, ஆனா சோதனைகளோட தரம் குறைவுன்னு முடிச்சிட்டாங்க.

ஸ்டாமினாவுக்கு எல்லாரும் இழுக்கற கதை 1993 பெய்ஜிங்ல சீன ஓட்டக்காரி வாங் ஜுன்ஸியா 10,000 மீட்டர் உலக சாதனைய கிட்டத்தட்ட 42 செகண்ட் முறியடிச்சது. கோச் மா ஜுன்ரென் புழுவும் ஆமை ரத்தமும் தான் காரணம்னார். அதே கோச்சோட 6 ஓட்டக்காரங்கள 2000 சிட்னி ஒலிம்பிக்குக்கு முன்னாடி ஊக்கமருந்து இருக்கான்னு பாக்கற ரத்தப் பரிசோதனைக்கு அப்புறம் டீம்லேர்ந்து எடுத்தாங்க, அந்தப் பாதிய யாரும் சொல்றதில்ல.

அப்ப வாங்கணும்னா? காட்டுப் புழு வேண்டவே வேண்டாம், மலைக்கும் கேடு உடம்புக்கும் கேடு. ஆரோக்கியமா இருக்கறவங்க ஆசைக்கு சாப்பிடணும்னா என் ஓட்டு முழுசா காஞ்ச ஆரஞ்சு மிலிட்டாரிஸுக்கு, கண்ணால பாத்து வாங்கலாம், சிக்கன் சூப்புல போட்டா நல்லாவே இருக்கு. பொடின்னா எந்தப் பூஞ்சைன்னு ஜாதிப் பேரு, ஆர்செனிக் ஈயம் லேப் ரிப்போர்ட் ரெண்டும் கேளுங்க. வீட்டுல ஒரு டெஸ்ட்டும் பண்ணலாம், கேப்ஸ்யூல பிரிச்சு வெந்நீர்ல கலக்கி ஆறவிட்டு காயத்துக்குப் போடற அயோடின் நாலு சொட்டு விடுங்க, கருநீலமா மாறினா உள்ள தானிய மாவு. பெரியப்பாவோட கேப்ஸ்யூல் இங்க் பாட்டில் மாதிரி ஆயிடுச்சு. லேபிள்ல பொடி எழுத்துல "மைசீலியம், அரிசி"ன்னு போட்டுமிருந்தது, மைசீலியம்னா பூஞ்சையோட வேர் மாதிரி நூல் பகுதி.

டப்பாவ எடுத்துக்கிட்டு அவரோட கிட்னி டாக்டர்கிட்ட போனோம். படிச்சுப் பாத்துட்டு நிறுத்தச் சொல்லிட்டார். "அப்ப அந்த ஆரஞ்சு காளான் சாப்பிடட்டுமா டாக்டர்?"னு பெரியப்பா கேட்டார். ஸ்டென்ட் வச்சதுக்கு ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கறார்ல, கூட இது சேந்தா ரத்தக்கசிவு வரலாம், அதுவும் வேண்டாம்னுட்டார். நான் வாங்கி வச்ச 50 கிராம் பாக்கெட்ட அப்படியே திருப்பி எடுத்துட்டு வந்துட்டேன்.