மூன்றரை வருஷமா ஓடுற வீட்டு மீன் தொட்டி: பைப், சம்ப், லைட்டு எல்லாம் நானே போட்ட அனுபவம்

மீன் தொட்டி போடணும்னு யார் கேட்டாலும் முதல்ல கண்ணாடி எத்தனை அடி, லைட்டு எத்தனை வாட்டுன்னு தான் ஆரம்பிக்கிறாங்க, நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். 2022 பொங்கல் லீவுல போட்டது, இப்ப மூன்றரை வருஷம் ஓடிடுச்சு. இப்ப யாராவது கேட்டா நான் திருப்பி கேக்குற முதல் கேள்வி, நடுராத்திரி கரண்ட் போச்சுன்னா உன் தொட்டி தண்ணி எங்க போய் நிக்கும்? இதுக்கு பதில் தெரிஞ்சா மீதி எல்லாம் மெதுவா பாத்துக்கலாம்.

எங்க வீடு தண்டையார்பேட்டைல முதல் மாடி, பழைய கட்டடம். மேல் தொட்டி இரண்டரை அடி நீளம், அகலமும் உயரமும் ஒன்னேகால் அடி, 8 எம்எம் கண்ணாடி, சுமார் 110 லிட்டர். ஸ்டாண்டுக்குள்ள ரெண்டுக்கு ஒன்னுக்கு ஒன்னு அடில சம்ப். நம்ம ஊர்ல சம்ப்னா வாசல்ல தரைக்கு கீழ மெட்ரோ வாட்டர் பிடிச்சு வைக்கிற தொட்டி, இங்க நான் சொல்றது மீன் தொட்டிக்கு கீழ வைக்கிற சின்ன தொட்டி, பில்டர் பஞ்சு, தண்ணிய சுத்தம் பண்ற பாக்டீரியா தங்குற செராமிக் ரிங், மோட்டார் எல்லாம் அதுக்குள்ள போயிடும், மேல மீனும் செடியும் மட்டும் தெரியும். தண்ணி, கல்லு, கண்ணாடி, இரும்பு எல்லாம் சேத்தா 200 கிலோ கிட்ட வரும், அதனால ரூம் நடுவுல வைக்காம கீழ் வீட்டு சுவர் மேல வர்ற மாதிரி ஓரமா வச்சேன். ஸ்டாண்ட் வெல்டிங் பட்டறைல சதுர பைப்புல அடிச்சது, ரெட் ஆக்சைடு ரெண்டு கோட் அடிச்சும் காசிமேட்டு கடல் காத்துக்கு ரெண்டாவது வருஷமே ஜாயின்ட்ல துரு வந்துடுச்சு, வருஷத்துக்கு ஒரு தடவை சுரண்டிட்டு பெயின்ட் அடிக்கணும்னு இப்ப கணக்கு வச்சிருக்கேன். ரசமட்டம் வச்சு நாலு பக்கமும் பாத்துட்டு, தெர்மாகோல் ஷீட் போட்டு அதுக்கு மேல தான் தொட்டி. இதுல அவசரப்படாதீங்க, ஒரு மூலை தூக்கி இருந்தா கண்ணாடி ஒரு நாள் விரிசல் விடும்.

இப்ப பைப் விஷயம். கண்ணாடி கடைல ஓட்டை போட சொல்றப்ப ஒரு இன்ச் பைப்புன்னு வாயால சொல்லாதீங்க, டேங்க் கனெக்டரை (கண்ணாடி ஓட்டைல பைப்பை மாட்டுற மரை வச்ச துண்டு) வாங்கி கையில கொண்டு போங்க. ஒரு இன்ச் கனெக்டரோட மரை சுத்து ஒரு இன்ச்சை விட நல்லா பெருசு, வாயால சொன்னா ஒரு இன்ச் ஓட்டை போட்டு குடுத்துடுவாங்க, அப்புறம் ஒட்டின தொட்டில ஓட்டையை பெருசு பண்றது பயங்கர வேலை. டஃபன்ட் கண்ணாடின்னா, அதாவது சூடு பண்ணி உறுதியாக்கின கண்ணாடின்னா, ஓட்டையே போட முடியாது, சில்லு சில்லா போயிடும், சாதா கண்ணாடி தானான்னு கேட்டு வாங்குங்க.

முதல் தடவை நான் போட்டது இப்படி. மூலைல ஒரு கண்ணாடி தடுப்பு, அதை தாண்டி வழியிற தண்ணி ஒரு இன்ச் பைப்புல கீழ சம்புக்கு போகும், சம்புல இருந்து மோட்டார் அரை இன்ச் பைப்புல மேல தள்ளும். மேல வர்ற பைப்போட வாயை தண்ணிக்குள்ள 3 இன்ச் ஆழத்துல விட்டிருந்தேன், தண்ணி கொட்டுற சத்தம் வராதேன்னு. நல்லா ஓடுச்சு. நாலாவது நாள் மத்தியானம் கரண்ட் போச்சு, மோட்டார் நின்னுது, அந்த பைப்பே சைஃபன் மாதிரி மேல் தொட்டி தண்ணிய கீழ இழுக்க ஆரம்பிச்சுது. இந்த தொட்டில ஒரு இன்ச் இறங்குனா 7 லிட்டருக்கு மேல, 3 இன்ச்சுக்கு 22 லிட்டர். சம்புல நான் முக்கால்வாசி ரொப்பி வச்சிருந்தேன், மிச்ச இடம் 14 லிட்டர் தான். மீதி எல்லாம் ஹால்ல. கீழ் வீட்டு அக்கா மேல வந்து "தம்பி, எங்க சீலிங்ல தண்ணி இறங்குதுப்பா"ன்னு சொல்ற வரைக்கும் எனக்கு தெரியாது, நான் வேலைல இருந்தேன், வீட்ல அம்மா தூங்கிட்டு இருந்தாங்க. அவங்க வீட்டு சீலிங்கை நான் தான் திரும்ப பெயின்ட் அடிச்சு குடுத்தேன்.

அதுக்கு அப்புறம் செஞ்சது. பைப் வாயை தண்ணி மட்டத்துக்கு ஒரு இன்ச் மட்டும் கீழ இருக்குற அளவுக்கு மேல தூக்கினேன், மட்டத்துக்கு கொஞ்சம் கீழ பைப்புல 3 எம்எம் ஓட்டை ஒன்னு, தண்ணி இறங்குனா அது வழியா காத்து உள்ள போய் சைஃபன் உடைஞ்சிடும். அந்த ஓட்டைல பாசி அடைக்கும், நத்தை உக்காரும், வாரா வாரம் குச்சி விட்டு பாக்கணும். தண்ணி திரும்பி வராம தடுக்குற செக் வால்வு போட்டா போதும்னு கடைல சொன்னாங்க, போட்டேன், மூணே மாசத்துல அழுக்கு மாட்டி பாதி திறந்தே நின்னுச்சு, அதை நம்பி இருக்காதீங்க. சம்புல மார்க்கர்ல ஒரு கோடு போட்டிருக்கேன், மோட்டார் ஓடுறப்ப தண்ணி அந்த கோட்டுக்கு மேல போகக்கூடாது. வேணும்னே பிளக்கை பிடுங்கி எவ்ளோ தண்ணி கீழ வருதுன்னு பாத்து தான் அந்த கோட்டை போட்டேன், இதை தொட்டி போட்ட அன்னிக்கே செஞ்சிருக்கணும்.

இதுக்கு எதிர் பக்கமும் இருக்கு. கீழ போற பைப் அடைச்சுக்கிட்டா மோட்டார் தள்ளிக்கிட்டே இருக்கும், மேல வழிஞ்சிடும். ஒரு தடவை தொட்டில இருந்த ஜாவா ஃபெர்ன் செடியோட இலை ஒன்னு போய் வாயை மூடிடுச்சு, நல்ல வேளை நான் பக்கத்துலயே இருந்தேன். இப்ப ரெண்டாவது பைப் ஒன்னு ஒரு இன்ச் உசரமா நிக்குது, சும்மா தான் நிக்கும், அடைச்சா மட்டும் அது வாங்கிக்கும். மோட்டார் இருக்குற அறைல 10 லிட்டருக்கு மேல தண்ணி நிக்காத மாதிரி சம்பை தடுத்திருக்கேன், மேல தொட்டில 2 இன்ச் காலி விட்டிருக்கேன், ரெண்டு பைப்பும் அடைச்சா கூட அந்த 10 லிட்டர் ஒன்றரை இன்ச்சுக்குள்ள அடங்கிடும், மோட்டார் தண்ணி இல்லாம வீணா போகலாம், ஆனா வீடு நனையாது.

அப்புறம் சத்தம். நேரா நிக்குற பைப்புல தண்ணி காத்தையும் சேத்து உறிஞ்சும், ராத்திரி பூரா களக் களக்னு. அம்மா ரெண்டு நாள் பொறுத்துட்டு மூணாவது நாள் "டேய், யாரோ மூச்சு முட்டுற மாதிரியே இருக்குடா, படுக்க முடியல"ன்னு சொன்னாங்க. பைப் உச்சில T மாதிரி மூணு வாய் இருக்குற டீ துண்டு ஒன்னு போட்டு, பக்கவாட்டு வாய்ல எல்போவை (வளைஞ்ச பைப் துண்டு) கீழ பாத்த மாதிரி மாட்டி, மேல் வாயை மூடி போட்டு மூடி, அந்த மூடில சின்ன ஓட்டை. ஓட்டையை கொஞ்சம் கொஞ்சமா பெருசு பண்ணி ஒரு இடத்துல சத்தம் அப்படியே அடங்கிச்சு. சம்புக்குள்ள பைப் முனை தண்ணிக்கு ஒரு இன்ச் கீழ இருந்தா போதும், ஆழமா விட்டா காத்து வெளிய வர முடியாம குபுக் குபுக்னு தள்ளும். வளைவு எல்லாம் 90 டிகிரி எல்போவுக்கு பதிலா 45 டிகிரி ரெண்டு போடுங்க.

லைட்டு விஷயத்துல ரெண்டு தடவை காசு போட்டேன். முதல்ல 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப், வாட்டர்ப்ரூஃப்னு சொல்லி குடுத்தது, எட்டு மாசத்துல மேல இருந்த சிலிகான் மஞ்சளாயிடுச்சு, சால்டர் வச்ச இடம் பச்சை பூத்து பாதி லைட்டு எரியல. இப்ப அலுமினிய சேனல்ல 6500 கெல்வின் (பகல் மாதிரி வெள்ளை வெளிச்சம்) எல்இடி, 24 வாட், அடாப்டரை தொட்டிக்கு மேல வைக்காம சுவர்ல தள்ளி அடிச்சிருக்கேன், மூணு வருஷம் ஆகப்போகுது, பிரச்சினை இல்ல. ஆரம்பத்துல பாக்க ஆசையா இருக்கேன்னு 10 மணி நேரம் எரிய விட்டேன், தலைமுடி மாதிரி பச்சை பாசி செடியை சுத்திக்கிச்சு. 7 மணி நேரமா குறைச்சு டைமர் போட்டதும் ரெண்டு மாசத்துல அடங்கிச்சு. முள்ளு சுத்துற டைமர் கரண்ட் போற நேரம் எல்லாம் பின்னாடி போயிடும், பேட்டரி இருக்குற டிஜிட்டல் டைமர் வாங்குங்க. ஒயர் எல்லாம் பிளக்குக்கு கீழ ஒரு தொங்கல் விட்டு அப்புறம் மேல ஏறணும், தண்ணி ஒயர் வழியா வந்தா அந்த தொங்கல்ல சொட்டிடும். 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே கட் பண்ற ஸ்விட்ச்) இல்லாத வீட்ல தயவு செஞ்சு இந்த வேலைய ஆரம்பிக்காதீங்க, லோடு அதிகமானா, ஷார்ட் ஆனா மட்டும் விழுற எம்சிபி ஷாக்குக்கு காப்பாத்தாது. குழந்தைங்க தொட்டிக்குள்ள கை விடும். எனக்கு இதுல எந்த சமரசமும் இல்ல.

எங்க போர் தண்ணி டிடிஎஸ் (தண்ணில கரைஞ்சிருக்குற உப்போட அளவு) 1,100 தாண்டும், கடலோரம், உப்பு ஏறின தண்ணி. மெட்ரோ தண்ணி 350 கிட்ட, ஆனா அடிபம்புல அடிக்கிறப்பவே குளோரின் வாசனை மூக்குல ஏறும், டிரம்ல ஒரு நாள் காத்து மோட்டார் ஓட விட்டு தான் ஊத்துவேன். ரெண்டையும் பாதி பாதி கலக்குறேன். எனக்கு நியான் டெட்ரா மீன் மேல ஆசை, கொளத்தூர்ல மீன் கடை வச்சிருக்குற பெரியவர் ஒருத்தர் தண்ணி எந்த ஏரியான்னு கேட்டுட்டு "தண்டையார்பேட்டை தண்ணிக்கு நியான் கேக்காத நைனா, மோலி வை, கப்பி வை, அதுங்களுக்கு உப்பு தண்ணி தான் சோறு"ன்னு சொல்லிட்டாரு. விக்கணும்னு நினைச்சிருந்தா நியானையே குடுத்திருக்கலாம். அவர் பேச்சை கேட்டு வச்ச கருப்பு மோலி குட்டி போட்டு அதோட குட்டியும் குட்டி போட்டுடுச்சு. மீன் விடுறதுக்கு முன்னாடி 5 வாரம் வெறும் தொட்டிய ஓட்டினேன், தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டு, அந்த தீனி அழுகி வர்ற விஷமான அம்மோனியா நைட்ரைட்டாகி அது நைட்ரேட்டா மாற பாக்டீரியா வளரணும், டெஸ்ட் கிட்ல முதல் ரெண்டும் பூஜ்யம் காட்டினதும் தான் மீன். பஞ்சை குழாய் தண்ணில கழுவாதீங்க, குளோரின்ல அந்த பாக்டீரியா செத்துடும், தொட்டில இருந்து எடுத்த தண்ணிலயே அலசுங்க.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல எங்க தெருவுல ரெண்டரை நாள் கரண்ட் இல்ல, வாசல்ல முட்டி அளவு தண்ணி. பேட்டரில ஓடுற காத்து மோட்டார் ஒன்னு இருந்துச்சு, அதை மேல் தொட்டில விட்டேன், சம்புல இருந்த செராமிக் ரிங்கை எல்லாம் வலைப்பைல கட்டி அந்த குமிழி பக்கத்துலயே தொங்க விட்டேன், காத்து கிடைச்சா தான் பாக்டீரியா உயிரோட இருக்கும். தீனி சுத்தமா நிறுத்தினேன். ரெண்டாவது ராத்திரி பேட்டரியும் தீந்து, நானும் என் மனைவியும் மாத்தி மாத்தி சொம்புல தண்ணி மொண்டு மேல இருந்து ஊத்தினோம், விடியற வரைக்கும். ரெண்டு மோலி போச்சு, மீதி எல்லாம் பிழைச்சுது. கரண்ட் வந்ததும் மோட்டாரை உடனே போடல, சம்புல ரெண்டு நாள் நின்ன தண்ணி நாத்தம் அடிச்சுது, அதை முழுசா இறைச்சு கொட்டிட்டு புது தண்ணி விட்டு தான் போட்டேன்.

வெயில் காலத்துல தண்ணி 33 டிகிரி வரும், சின்ன ஃபேனை தண்ணி மேல பாத்து வச்சா 2, 3 டிகிரி இறங்கும், ஆனா தினம் 2 லிட்டர் ஆவியாகும், அதுக்கு போர் தண்ணி ஊத்துனா உப்பு ஏறிக்கிட்டே போகும், ஆர்ஓ தண்ணி தான் ஊத்தணும். ஆர்ஓ மெஷின்ல இருந்து வெளிய போற கழிவு தண்ணிய இல்ல, அது இன்னும் மோசம்.

செலவு மொத்தம் 16,000 கிட்ட, அதுல பைப்பும் வால்வும் 1,500 கூட வரல. மோட்டார் 25 வாட், லைட்டோட சேத்து மாசம் 23 யூனிட், ரெண்டு மாசத்துக்கு 46.

மோட்டார்ல இருந்து மேல போற பைப்புல யூனியனும் (அறுக்காம கழட்டி மாட்டுற இணைப்பு) பால் வால்வும் போட்டிருந்ததால போன மாசம் மோட்டார் மாத்த பத்து நிமிஷம் தான் ஆச்சு. மேல் தொட்டிக்கு பின்னாடி இருக்குற ஒரே ஒரு எல்போவ மட்டும் யூனியன் இல்லாம நேரா சொல்யூஷன், அதாவது பைப் பசை, போட்டு ஒட்டிட்டேன், 60 ரூபா மிச்சம்னு. அங்க தான் இப்ப வெள்ளையா உப்பு பூத்திருக்கு, கசியுது. வர்ற ஞாயித்துக்கிழமை மீனை எல்லாம் டிரம்முக்கு மாத்திட்டு, தொட்டி தண்ணிய பாதி இறக்கி, தொட்டிய சுவர்ல இருந்து நகத்தி, அந்த பைப்பை அறுக்கணும். யூனியன் வாங்கி வச்சுட்டேன்.