வலிப்புக்கான மிடாசோலம் மூக்கு ஸ்ப்ரே: இரண்டு ஆண்டு அனுபவம்

என் மகளுக்கு ஒன்பது வயதாகிறது. தினசரி மாத்திரைகளை ஒரு வேளையும் தவறாமல் கொடுத்துவந்தாலும், காய்ச்சல் கண்ட நாட்களில் வலிப்பு வந்துவிடுகிறது. ஐந்து நிமிடத்தைத் தாண்டும் வலிப்பு தானாக அடங்குவது அரிது என்பதால், நரம்பியல் மருத்துவர் இந்த ஸ்ப்ரேயை எழுதிக் கொடுத்தார். இரண்டு ஆண்டுகளில் மூன்று முறை பயன்படுத்தியிருக்கிறோம்.

அதற்கு முன் எங்களிடம் இருந்தது ஆசனவாய் வழியே செலுத்தும் டயாசெபாம். ஒரு கல்யாண மண்டபத்தில், அவள் கையில் யாரோ சாவிக்கொத்தைத் திணித்துக்கொண்டிருக்க, புடவையால் மறைத்துக்கொண்டு அந்த மருந்தைச் செலுத்தினேன். மூக்கில் அடிக்கும் மருந்துக்கு அந்த மறைப்புத் தேவையில்லை என்பதே எனக்குப் பெரிய ஆறுதல்.

மிடாசோலத்தின் மீது நம்பிக்கை வைக்க ஆய்வுகளும் இருக்கின்றன. 2005இல் லான்செட் இதழில் வெளியான பிரிட்டன் ஆய்வில், கன்னத்தின் உட்புறம் விடப்பட்ட மிடாசோலம் 56 சதவீத வலிப்புகளில் பலன் தந்தது. ஆசனவாய் டயாசெபாம் 27 சதவீதத்தில்தான். 2012இல் வெளியான அமெரிக்க ராம்பார்ட் ஆய்வில், ஆம்புலன்ஸிலேயே தசையில் மிடாசோலம் ஊசி போடப்பட்டவர்களில் 73 சதவீதத்தினரும், நரம்பில் லோராசெபாம் ஏற்றப்பட்டவர்களில் 63 சதவீதத்தினரும் மருத்துவமனையை அடையும்போது வலிப்பு நின்ற நிலையில் இருந்தனர். இவை ஸ்ப்ரேயைச் சோதித்த ஆய்வுகள் அல்ல; ஆனால் துடிக்கும் கையில் நரம்பைத் தேடும் நேரம் எவ்வளவு விலை உயர்ந்தது என்பதை இவற்றில் கண்டேன். முதல் மருந்து பலிக்காவிட்டால் அடுத்து ஏற்றப்படும் லெவெடிரசெட்டம், ஃபாஸ்ஃபெனிடாயின், வால்ப்ரோயேட் மூன்றுமே ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் கைகொடுக்கின்றன என்று 2019இல் வெளியான மற்றொரு ஆய்வு காட்டியது.

என் மனக்குறை மருந்தின் மீதல்ல, புட்டியின் மீது. எங்களுடையது ஓர் அழுத்துக்கு 0.5 மில்லிகிராம் மட்டுமே தருவது. மகளின் எடைக்கு மருத்துவர் குறித்தது 5 மில்லிகிராம். அதாவது ஒவ்வொரு நாசியிலும் ஐந்து என்று பத்து அழுத்துகள். தலை வெட்டி வெட்டி இழுக்கும்போது, முதல் முறை ஏழா எட்டா என்று எண்ணிக்கை தவறி நின்றேன். இப்போது கணவர் உரக்க எண்ணுகிறார், நான் அழுத்துகிறேன். ஒரே அழுத்தில் 5 மில்லிகிராம் தரும் கருவிக்கு அமெரிக்காவில், பன்னிரண்டு வயது நிரம்பியவர்களுக்கென, 2019இலேயே ஒப்புதல் கிடைத்துவிட்டது. புதிய புட்டியைச் சில முறை காற்றில் அழுத்திச் சீரான சாரல் வரச்செய்த பிறகே பயன்படுத்த வேண்டும் என்ற முக்கியமான குறிப்போ, ஆங்கிலத்தில், கண்ணுக்கே எட்டாத எழுத்தில் இருக்கிறது. தமிழில் பெரிதாக அச்சிட்டிருக்க வேண்டாமா?

மருந்து அமிலத்தன்மை உடையதாதலால் மூக்கு எரியும். விழித்ததும் அவள் மூக்கைத்தான் தேய்ப்பாள். மூச்சை மந்தப்படுத்தவும் கூடும் என்பதால், ஒருக்களித்துப் படுக்கவைத்து மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருப்போம். மூன்று முறையும் சில நிமிடங்களில் வலிப்பு நின்றது. இரண்டாவது புட்டி பள்ளியில் வகுப்பாசிரியையின் மேசை அறையில் இருக்கிறது. அழுத்துகளின் எண்ணிக்கையையும் 108ஐயும் அதன் மீது பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.