இன்டெஸ்டி ஃபேஜ்: குடலுக்குச் சரி, ரத்தத்துக்கு?

ஜார்ஜியாவின் தபிலிசியில் 1923-இல் தொடங்கிய எலியாவா நிறுவனத்தின் வழிவந்த பழைய தயாரிப்பு இன்டெஸ்டி பாக்டீரியோபேஜ். ஷிகெல்லா, சால்மோனெல்லா, ஈ.கோலை, ஸ்டஃபிலோகாக்கஸ் முதலிய பாக்டீரியாக்களைத் தாக்கும் ஃபேஜ்களின், அதாவது பாக்டீரியாவை அழிக்கும் வைரஸ்களின், வாய்வழிக் கலவை. குடல் தொற்றுக்கு அங்கே பல தலைமுறையாகப் புழங்குகிறது. ஆனால் கொடுத்தால் ரத்தத்தில் கலந்து சிறுநீரகம், நுரையீரல் வரை போய்ச் சேரும் என்று நம்பி வாங்காதீர்கள்.

ஃபேஜ் குடல் சுவரைத் தாண்டவே தாண்டாது என்றும் சொல்ல முடியாது. 2017-இல் வந்த ஆய்வில், வளர்ப்புச் செல் அடுக்குகளை ஃபேஜ்கள் உள்ளே புகுந்து கடந்தன. அதை வைத்து, மனித உடலில் நாளொன்றுக்குச் சுமார் 3,100 கோடி கடக்கலாம் என்று கணக்கிட்டார்கள். அது ஆய்வகத் தட்டில் பார்த்ததிலிருந்து போட்ட கணக்கு. 2005-இல் 15 பேருக்குத் தண்ணீரில் டி4 என்ற ஈ.கோலை ஃபேஜ் கொடுத்தபோது சீரத்தில் (ரத்தத்தின் தெளிநீரில்) ஃபேஜும் இல்லை, அதற்கான ஆன்டிபாடியும் இல்லை. எலிகளுக்கு மாதக்கணக்கில் அதிக அளவில் கொடுத்தபோது ரத்தத்தில் ஆன்டிபாடி வந்தது. அளவும் காலமும் மாறினால் விடையும் மாறுகிறது.

முதல் தடை வயிற்று அமிலம். பிஎச் 3-க்குக் கீழே பல ஃபேஜ்கள் சீக்கிரம் செயலிழக்கும். அதனால்தான் அமிலத்தைத் தணித்துவிட்டுக் கொடுப்பது வழக்கம். தாண்டிப் போனவற்றையும் கல்லீரலும் மண்ணீரலும் ரத்தத்திலிருந்து வடித்துவிடும். அதனால் ஒரே ஒரு ரத்த மாதிரி எடுத்தால் தவறவிடலாம்.

விலங்கில் சோதிக்க நினைப்பவர்களுக்கு இந்தக் கலவை தோதான கருவி அல்ல. உள்ளே 20-க்கும் மேற்பட்ட ஃபேஜ் வகைகள். விலங்கின் சொந்தக் குடல் ஃபேஜும் அதே ஈ.கோலை வளர்த்த தட்டில் பிளாக் (பாக்டீரியா அழிந்த தெளிந்த வட்டம்) போடும். அடையாளம் தெரிந்த ஒற்றை ஃபேஜை எடுங்கள். கொடுப்பதற்கு முன்பே ரத்தமும் சாணமும் மாதிரி எடுத்து வையுங்கள். ரத்தத்தை, உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் உள்ள குழாயில் பிடியுங்கள்: இன்னொரு உறைதடுப்பான இடிடிஏ கால்சியத்தைக் கட்டிவிடுவதால் சில ஃபேஜ்கள் பாக்டீரியாவில் ஒட்டாது. 0.1 மி.லி. பிளாஸ்மாவைப் பாக்டீரியாவோடு கலந்து இரட்டை அகாரில் (இரண்டு அடுக்கு வளர்ப்புக் கூழில்) ஊற்றி 37 டிகிரியில் இரவு முழுக்க வைத்தும் பிளாக் இல்லையென்றால், மி.லி.க்குச் சுமார் 10 ஃபேஜுக்குக் கீழே என்றுதான் எழுதலாம். 'இல்லை' என்று எழுதக் கூடாது. விலங்குக்கு ஆன்டிபயாட்டிக் போயிருந்தால் தட்டில் விழும் வெற்றிடம் அதன் வேலையாகவும் இருக்கும். மாதிரியை நீர்த்துப் பார்த்தால் தனித்தனிப் பிளாக்காகப் பிரிகிறதா என்று தெரியும். பிசிஆர் என்ற மரபணுச் சோதனை டிஎன்ஏவைத்தான் காட்டும், உயிர்ப்புள்ள ஃபேஜை அல்ல.

வாய்வழி போதவில்லை என்று இதை ஊசியில் ஏற்றவே கூடாது. பாக்டீரியா உடைந்த திரவம் இது. அதிலுள்ள எண்டோடாக்ஸின் (பாக்டீரியாவின் வெளிச்சுவர் நச்சு) ரத்தத்தில் நேராகக் கலந்தால் காய்ச்சலும் அதிர்ச்சி நிலையும் வரலாம்.